சீப்ரென் ஹூகெமாவின் கைகளுக்கு அடியில் இருந்த தட்டு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் டெவன்டர் இசைத்தட்டு வட்டத்தின் துணைத்தலைவர் திருமதி ஆனெகின் ரோயிங்க் அவர்களே, எனக்கு முன்னால் நல்ல வார்த்தைகள் பேசி அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் வீட்ஸ்கே அக்கா அவர்களே, ஹூகெமா சாரிடம் வேதியியல் படித்த பழைய மாணவர்களே, அண்டை வீட்டாரே, ஸ்வோலேயிலிருந்தும் ஸுட்ஃபனிலிருந்தும் வந்திருக்கும் சேகரிப்பாளர்களே, வியாபாரிகளே, இரண்டும் நாங்களே என்று சொல்லிக்கொள்பவர்களே, அனைவருக்கும் மாலை வணக்கம்.

நண்பர்களே என்று அழைக்கத்தான் எழுதி வைத்திருந்தேன். இன்று மதியத்திலிருந்து அந்தச் சொல் என் வாயில் வர மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. ஆனால் முதலில் மறைந்த பெருமகனைப் பற்றிப் பேச வேண்டும். அவருக்காகத்தான் வந்திருக்கிறோம். சிலர் வேறு எதற்காகவோ வந்திருக்கலாம், அதற்கும் வருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் லூபர்ட். இந்த வட்டத்தின் செயலாளர். பிழைப்புக்கு பிரிங்க் சதுக்கத்துச் சந்தையில் மீன் விற்கிறேன். நாற்றம் எனக்குப் புதிதல்ல. கெட்டுப்போன மீனை எவ்வளவு ஐஸ் போட்டு மூடி வைத்தாலும் கடைக்குள் காலெடுத்து வைத்ததும் எனக்குத் தெரிந்துவிடும். இந்த வாரம் முழுக்க எங்கள் வட்டத்துக்குள் அப்படி ஒரு நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. மரியாதைக்காக மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். இன்று கையை எடுத்துவிட்டேன்.

சீப்ரென் ஹூகெமா. எங்கள் வட்டத்தின் நிறுவனத் தலைவர். தட்டுகளைப் படிக்கத் தெரிந்த மனிதர். கேட்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. படிக்கத் தெரிந்தவர் அவர். வெளியாட்களும் இங்கே இருப்பதால் விளக்குகிறேன். ஒரு இசைத்தட்டில் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளுக்கு முன்னால், பாட்டே இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். வெளியாட்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத் தட்டைச் சாய்த்தால் அங்கே சில எண்களும் எழுத்துகளும் மினுங்கும். எந்த மூலத்தட்டிலிருந்து வார்த்தது, எத்தனையாவது முறை வெட்டியது, எந்த ஆலை அச்சிட்டது எல்லாம் அதில் இருக்கும். உறை பொய் சொல்லும். லேபிள் பொய் சொல்லும். விற்பவன் கட்டாயம் பொய் சொல்வான். அந்த வளையம் பொய் சொல்லாது. இது ஹூகெமா சார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த வளையத்தையும் பொய் சொல்ல வைத்துவிட்டோம்.

அவசரப்படுகிறேன். மன்னியுங்கள்.

அவர் தட்டைப் பார்க்கும் முறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கையைக் கழுவுவார். கூரை விளக்கை அணைப்பார். மேசை விளக்கைப் படுக்க வைப்பார். பிறகு பூதக்கண்ணாடியைத் தான் எடுக்க மாட்டார். தட்டைக் கொண்டுவந்தவரிடம் கொடுத்து, "நீங்க படிங்க, சத்தமா படிங்க" என்பார். ஏன் அப்படி? நான் ஒருமுறை கேட்டேன். "நான் படிச்சா அது என் தீர்ப்பு, லூபர்ட். சண்டைக்கு வருவாங்க. அவங்களே வாயால படிச்சா எங்கிட்ட என்ன சண்டை?" என்றார். தன் தட்டு போலி என்று தன் வாயாலேயே படித்துவிட்டுத் தலை தொங்கிப்போன ஆட்களை எத்தனை பேரை அந்தச் சமையலறையில் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவரையாவது அவர் கேலி செய்தது உண்டா? காப்பி ஊற்றிக் கொடுப்பார். "பாட்டு அதே பாட்டுதான், போய்க் கேளுங்க" என்பார்.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் உயிராகப் போற்றிய ஓர் ஆர்கன் இசைத்தட்டு, முதல் வெட்டு இல்லை, மூன்றாவது வெட்டு என்று ஒரு நாள் அவரே கண்டுபிடித்தார். நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? விஷயம் வெளியே தெரிவதற்குள் சந்தைக்குக் கொண்டுபோய் யார் தலையிலாவது கட்டியிருப்போம். அவர் அந்த மாதக் கூட்டத்துக்குப் பிறந்தநாள்காரர் மாதிரி கேக் வாங்கிக்கொண்டு வந்தார். "இத்தனை வருஷமா நான் ஏமாந்துட்டு இருந்திருக்கேன், எல்லாரும் ஒரு துண்டு எடுத்துக்குங்க" என்றார். எல்லோரும் எடுத்துக்கொண்டோம். சிலர் இரண்டு எடுத்தோம். அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் மட்டும் நாம் ஒருநாளும் பின்வாங்கியதில்லை.

ரால்டேயிலிருந்து ஓர் அம்மாள், கணவர் இறந்த மறுவாரம் பெட்டி பெட்டியாகத் தட்டுகளைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே ஒரு வியாபாரி வீட்டுக்குப் போய் எல்லாம் பிற்காலத்தில் அச்சிட்ட குப்பை, சும்மா எடுத்துக்கொள்கிறேன் என்று பேசியிருந்தான். ஹூகெமா சார் நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக அந்த அம்மாளையே படிக்க வைத்தார். முடிவில், "பெரும்பாலும் சாதாரணம்தாம்மா. இந்த ஒரு தட்டு சாதாரணம் இல்ல. இதை இந்த மேசையைச் சுத்தி நிக்கிற யாருக்கும் வித்துடாதீங்க. எனக்கும்தான்" என்றார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் நாங்கள். எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இன்று நினைத்தால், எங்களை எவ்வளவு சரியாகப் படித்து வைத்திருந்தார் என்று தோன்றுகிறது.

அப்படிப்பட்ட மனிதர் போன சனிக்கிழமை போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி வீட்ஸ்கே அக்காவின் வீட்டு மணி அடித்தது. அடுத்தடுத்து அடித்தது. நம் வட்டத்து ஆட்கள். துக்கம் விசாரிக்க வந்தார்களாம். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே அவர் தோளுக்கு மேலே அலமாரியை மேய்ந்துகொண்டிருந்தார். கண்ணீரோடு அலமாரி ஓரம் நடந்து உறைகளின் முதுகில் இருந்த பெயர்களைப் படித்தார் இன்னொருவர். "இதையெல்லாம் என்ன செய்யப் போறீங்கக்கா, ஈரம் ஏறிடுமே" என்றார் மூன்றாமவர். உடம்பு இன்னும் வீட்டில் இருந்தது, ஐயா. அடுத்த அறையில் இருந்தது. ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார் இவர்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை திறந்து நீட்டினார். விருந்தாளிக்கு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடும் நம் ஊரில் ஒரு வீட்டுக்காரி அதற்கு மேல் என்ன மரியாதை செய்ய முடியும்? அதையும் எடுத்து மென்றுகொண்டே அலமாரியைப் பார்த்தார்கள். நான் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. "லூபர்ட், இது இரங்கல் கூட்டம்ப்பா." ஆமாம், இரங்கல் கூட்டம்தான். நான் இரங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். யாருக்காக என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. உட்காருங்கள்.

இப்போது அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

கேட்டல்ஹெய்ஸ் நால்வர் என்று ஒரு ஜாஸ் குழு இந்த ஊரில் இருந்தது. ஒரே ஒரு தட்டு போட்டார்கள். ஊருக்கு வெளியே ரயில் பாதை ஓரம் இருந்த ஆலையில்தான் அது அச்சானது. அதில் முதலில் வந்த சில தட்டுகளின் வளையத்தில் எண் கையால் எழுதியிருக்கும். ஏழு, ஒன்று, நான்கு, எட்டு. அந்த எட்டின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் மூன்று. அதாவது எட்டை அடித்துவிட்டு மூன்று. கடைக்கு வந்த மற்றத் தட்டுகளில் இந்த அடித்தல் கிடையாது. எந்திரம் முத்திரை போட்ட மாதிரி நேரான எண்கள் இருக்கும்.

இந்த அடித்த எட்டை வைத்து நம் ஆட்கள் எத்தனை கதை கட்டினார்கள். எட்டு என்பது வெளிவராமல் தடுக்கப்பட்ட வேறொரு ஒலிப்பதிவு என்றார்கள். சாக்ஸபோன்காரர் சண்டை போட்டு மாற்றச் சொன்னார் என்றார்கள். கூர்ந்து கேட்டால் மூன்றாவது பாட்டில் ஒரு இருமல் சத்தம் கேட்கும், அது மற்றதில் இல்லை என்று ஒருவர் சத்தியமே செய்தார். கதை வளர வளர விலையும் வளர்ந்தது.

அப்போது ஹூகெமா சார் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர். எல்லோரும் கதை பேசிக்கொண்டிருந்தபோது அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே ஆலை வாசலுக்குப் போனார். இந்த எண்ணை எழுதியது யார் என்று காவலாளியிடம் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். மேல்சட்டையெல்லாம் கறுப்புத் துகள். முகத்தில் பெரிய சலிப்பு. மூலத்தட்டு வெட்டி முடிந்ததும் அதன் வளையத்தில் எஃகு ஊசியால் எண் எழுதுவது அவர் வேலை. அவர்தான் நம் வீட்ஸ்கே அக்கா. அந்தப் பேச்சைச் சார் எங்களுக்கு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"இந்த எட்டை அடிச்சிட்டு மூணு போட்டிருக்கீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"தப்பா எழுதிட்டேன்னு அர்த்தம்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"பசி. சாப்பாட்டு நேரம். கையில ரொட்டி இருக்க வேண்டியது, ஊசி இருந்துச்சு. இதைக் கேக்கவா இந்த மழையில சைக்கிள்ல வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்கும் வேற வேலை இல்ல. வாங்க, உள்ள சூப் இருக்கு."

ஆலை மேலாளர் அடித்தல் திருத்தலைப் பார்த்துக் கத்தி, வேறு மூலத்தட்டு வெட்ட வைத்தாராம். சோதனைக்காக அதற்கு முன் அச்சிட்ட சில தட்டுகள்தாம் அந்த அடித்த எட்டோடு வெளியே போனவை. இன்று எஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். அதில் ஒன்றை ஆலையில் யாரோ அக்காவுக்குக் கொடுத்தார்கள். அக்கா அதைச் சாருக்குக் கொடுத்தார். அவர்கள் கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீதனம் அது ஒன்றுதான் என்று சார் சொல்லிச் சிரிப்பார்.

உண்மை தெரிந்ததும் நம் வட்டம் சந்தோஷப்பட்டதா? இல்லை. பசி என்ற பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. இன்றைக்கும் சந்தையில் அந்த அடித்த எட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ரகசிய ஒலிப்பதிவு என்றுதான் காதில் ஓதுகிறார்கள். எழுதியவரே இதே ஊரில் உயிரோடு இருக்கிறார், ரொட்டிக் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறார். அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நோய் முற்றியபோது சார் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தத் தட்டு என்கூட வரட்டும். மத்ததெல்லாம் உன் இஷ்டம். அதுல உன் கையெழுத்து இருக்கு." அக்கா அப்படியே செய்தார். செவ்வாய்க்கிழமை பெட்டியில் வைத்தபோது, சாரின் இரண்டு கைகளுக்கும் அடியில், நெஞ்சின் மேல், உறையோடு அந்தத் தட்டை வைத்தார். பிளாஸ்டிக்கைப் புதைக்கக் கூடாதே என்று இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளர் முனகினார். பிறகு அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்க்கப் போய்விட்டார். நல்ல மனிதர். அவருக்கு இசைத்தட்டில் எந்த ஆர்வமும் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

செவ்வாயிலிருந்து இந்த மண்டபத்தின் பின்னறையில் பெட்டி திறந்திருக்கிறது. நீங்கள் எல்லோரும் வந்து பார்த்தீர்கள். பார்த்தவர்களில் பலர் வெளியே வந்து என்னிடம் பேசினீர்கள். "என்ன தட்டு தெரியுமா அது? மண்ணுக்குள்ள போகுதே, அநியாயம்." ஒருவர் இல்லை, இருவர் இல்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பெட்டியில் இருந்த எதை நீங்கள் அநியாயம் என்றீர்கள்? எழுபது வயதில் போன மனிதரையா? அந்த முகத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்? நெஞ்சுக்கு மேலே உங்கள் கண் ஏறியதா?

சிலர் அக்காவிடம், சாரோடு ஒரு நிமிடம் தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா உருகிப்போனார். "இவ்வளவு பாசமா வச்சிருந்தாங்களே லூபர்ட், எனக்குத் தெரியாம போச்சே" என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் தானே எழுந்து வெளியே போய், கதவைத் தன் கையால் சாத்திவிட்டு, கூடத்தில் நின்றார்.

இன்று மதியம் நாங்கள் இருவரும் பூக்களைச் சரிசெய்யப் போனோம். அக்கா பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். சாரின் கையை மெதுவாக நகர்த்தி, உறைக்குள் விரலை விட்டு, தட்டைப் பாதி வெளியே இழுத்தார். பார்ப்பதற்காக இல்லை, அக்காவுக்குக் கண் முன்போல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலை அந்த வளையத்தின்மேல் வைத்துத் தடவினார். தான் எழுதியதைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்க நினைத்திருக்கிறார். விரல் நின்றுவிட்டது.

"லூபர்ட், இது என் கை இல்ல."

"என்னக்கா சொல்றீங்க? அடிச்ச எட்டு எனக்கு இங்கிருந்தே தெரியுதே."

"தெரியும். எனக்கும் மங்கலாத் தெரியுது. தடவிப் பாரு."

தடவிப் பார்த்தேன். மூலத்தட்டில் எழுதிய எழுத்து அச்சில் வரும்போது அதன் விளிம்பு மழுங்கி வழுக்கும், விரலுக்கு உறுத்தாது. இது உறுத்தியது. ஓரமெல்லாம் பிசிறு. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். எந்திரம் முத்திரை போட்ட நேரான எண்கள். கடைசி மூன்றை எட்டாக வளைத்து, மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு மூன்றை எவனோ குண்டூசியால் கீறியிருக்கிறான். கீறிய இடமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. கடைக்கு வந்த சாதாரணத் தட்டு அது. உறை சாருடையது. உள்ளே இருந்தது வேறு.

நீங்களும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்தத் தட்டை மாற்ற வேண்டுமென்றால் சாரின் கைகளைத் தூக்கியிருக்க வேண்டும். குளிர்ந்து விறைத்த கைகள். நம்மில் எத்தனை பேருக்குத் தட்டை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்த கைகள். அதைத் தூக்கி, ஒரு தட்டை உருவி, இன்னொன்றைச் செருகி, திரும்ப எடுத்து அழகாக மேலே வைத்து, மேல்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கதவைத் திறந்து வந்திருக்கிறான். வெளியே அக்கா நின்றிருந்தார். அவரைக் கட்டிப் பிடித்து ஆறுதலும் சொல்லியிருப்பான். சட்டைக்குள் இருந்த தட்டு அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்திருக்கும். நான் மீனின் குடலை உருவிப் பிழைக்கிறவன். எனக்கே இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

யார் என்று கேட்கிறீர்கள். அந்தப் போலித் தட்டை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கீறியவனுக்குக் குண்டூசி வழுக்கி, மூன்றின் வாலிலிருந்து லேபிளின் ஓரம் வரை ஒரு கோடு ஓடியிருக்கிறது. காகிதமே கிழிந்திருக்கிறது. நினைவு வருகிறதா? ஸுட்ஃபன் இசைத்தட்டுச் சந்தை. நம் மேசை. நம் வட்டத்து அன்பர் ஒருவர், எனக்கும் அடித்த எட்டு கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். எவனோ அவர் தலையில் கட்டியிருந்தான். சார் வழக்கம்போல விளக்கைச் சாய்த்து, அவரையே படிக்க வைத்தார். லேபிள் கிழிசலுக்கு வந்ததும் அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். நாம் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வித்துடாதீங்க. பாட்டு நல்லா இருக்கும்" என்றார். "குப்பையில போட்டுடறேன் சார்" என்றார் அந்த அன்பர்.

போடவில்லை. சார் காறித் துப்பாமல் கண்ணியமாகத் திருப்பிக் கொடுத்த அதே போலியைக் கொண்டுவந்து சாரின் நெஞ்சிலேயே வைத்திருக்கிறார். இறந்தவர் கையிலிருந்து உறையை இழுத்துப் பார்க்கும் அளவுக்கு யாரும் கீழே இறங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நம் நாகரிகத்தை நம்பித் திருடியிருக்கிறார். அப்படியே யாராவது இழுத்துப் பார்த்தாலும் அடித்த எட்டு கண்ணுக்குத் தெரியுமே என்று கணக்குப் போட்டிருக்கிறார். எழுதியவருடைய விரலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கவே தோன்றியிருக்காது. நம் கூட்டத்தில் வீட்ஸ்கே அக்கா என்றால் காப்பி கொண்டுவருகிறவர்.

இந்த அறையில் பாதிப் பேருக்கு இப்போதே பெயர் தெரிந்துவிட்டது. தலையைத் திருப்பாதீர்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். என்னைப் பாருங்கள். பெயரைச் சொல்லி, காலரைப் பிடித்து இந்த மேடைக்கு இழுத்து வருவதாகத்தான் இருந்தேன். அக்கா தடுத்துவிட்டார்.

"பேரைச் சொல்லாத, லூபர்ட். சொன்னா நாளைக்கு எல்லாரும் அவனைப் பத்தித்தான் பேசுவாங்க. நாளைக்கு சீப்ரெனோட நாள்."

"போலீசுக்காவது போலாம்க்கா."

"போனா அந்தத் தட்டு சாட்சின்னு ஏதாவது ஸ்டேஷன் அலமாரியில கெடக்கும். காலையில மண்ணு போடறதுக்குள்ள வருமா? எனக்குத் தண்டனை வேணாம். தட்டு வேணும்."

அதனால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஒருவரை மட்டும் அசிங்கம் என்று தள்ளிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. அவர் கையால் செய்ததை நாம் கண்ணால் செய்துகொண்டிருந்தோம். மண்ணில் போகிறதே, மண்ணில் போகிறதே என்று பெட்டியைச் சுற்றி வந்து முணுமுணுத்தது யார்? அவருக்குத் துணிவு கொடுத்தது அந்த முணுமுணுப்புதான். ஒரு பெண் பசியோடு எழுதிய பிழை, அதைத் தேடி மழையில் வந்த ஒருவன், அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. எல்லாம் அந்த வளையத்தில் இருந்தது. நமக்கு அது விலையாக மட்டுமே தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். நானும் எடுக்கிறேன். வட்டத்தின் செயலாளராகச் சொல்கிறேன். தலைமை தாங்கும் அம்மையார் தலையசைக்கிறார். ஹூகெமா சாரின் சமையலறை மேசையில் நடந்த வேலை நிற்காது. அக்காவின் அனுமதியோடு அங்கேயே நடக்கும். தட்டைக் கொண்டுவருபவர் கை கழுவ வேண்டும், விளக்கைச் சாய்க்க வேண்டும், சத்தமாகப் படிக்க வேண்டும். துக்க வீட்டு வாசலில் நின்று அலமாரியை விசாரிப்பவர் அன்றைக்கே வட்டத்தை விட்டு நீங்குவார். கேட்டல்ஹெய்ஸ் நால்வரின் அடித்த எட்டைப் பற்றி எங்கே யார் கேட்டாலும், ஒரு பெண்ணுக்குப் பசித்தது என்ற உண்மையைத்தான் நாம் சொல்வோம். விலை இறங்கினால் இறங்கட்டும்.

இனி நான் சொல்வது ஒரே ஒருவருக்கு.

பெட்டியை நாளை காலை ஒன்பது மணிக்கு மூடுவார்கள். அதுவரை பின்னறைக் கதவு திறந்திருக்கும். அக்கா உள்ளே இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன். ஒரு நிமிடம் தனியாக இருக்க வேண்டும் என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எடுத்த மாதிரியே வைத்துவிட்டுப் போங்கள். கைகளை மெதுவாகத் தூக்குங்கள். மூடுவதற்கு முன்னால் அக்கா விரலை வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் அதற்குப் பிறகு இதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். இது அவருக்கு நான் கொடுத்த வாக்கு.

வைக்காவிட்டாலும் உங்களை யாரும் துரத்தப் போவதில்லை. அதை நீங்கள் விற்க மாட்டீர்கள், விற்கவும் முடியாது; நம் ஆட்களை எனக்குத் தெரியும். யாருக்கும் காட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கின் கீழே தனியாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பீர்கள். அதைத்தானே ஆசைப்பட்டீர்கள். மதியமே அக்கா கல்லறைக் கல் கொத்துபவருக்குப் போன் செய்துவிட்டார். தட்டு வந்தால் கல்லில் சீப்ரென் ஹூகெமா என்ற பெயர் மட்டும் இருக்கும். வராவிட்டால் பெயருக்குக் கீழே ஒரு எண் வரும். அக்கா தன் கையால் கல்லில் எழுதிக் கொடுப்பார், கொத்துபவர் அதன்மேல் கொத்துவார். ஏழு, ஒன்று, நான்கு, எட்டு, எட்டின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் மூன்று. அதே கை, அதே எழுத்து. அதற்குப் பிறகு நீங்கள் எந்த நாளில் அந்தத் தட்டை விளக்கில் சாய்த்தாலும் சாருடைய கல்லறையைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.